செயலாளருக்காக

துறைமுகச் சகோதரர் தர்மநிதியத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 1961ஆம் ஆண்டு, திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியக் காப்பாளர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்த பதினேழு பேர் கூடி அதைத் தொடங்கியபோதே விதிப்புத்தகத்தில் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். அவர்களோடு வேலை செய்த ஒருவன் பாரம்தூக்கியில் அடிபட்டு, தூர இடத்து ஆசுபத்திரி ஒன்றில் மூன்று நாள் கிடந்து இறந்துபோனான். நாற்பது கட்டிலுக்கு ஒரேயொரு தாதி. அவளும் ஓடி ஓடித்தான் பார்த்தாள். சவத்தை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியிலேயே, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை வருடந்தோறும் தாதியர் பயிற்சிக்கு அனுப்புவது என்று அவர்கள் முடிவெடுத்துவிட்டார்களாம். விண்ணப்பம் எழுதுவதிலிருந்து சீருடை, புத்தகம், நாடி பார்க்க விநாடி முள் வைத்த கைக்கடிகாரம் வரை எல்லாம் நிதியத்தின் பொறுப்பு.

அவர்கள் ஒருவரை ஒருவர் சகோதரர் என்றே அழைத்தார்கள். தலைவர் சகோதரர் சோமசேகரம். பொருளாளர் கிண்ணியாவைச் சேர்ந்த சகோதரர் ஆதம்பாவா. செயலாளர் சகோதரர் ஆனந்தராசா. மாதத்தில் முதல் ஞாயிறு உவர்மலையில் ஆனந்தராசா வீட்டில்தான் கூட்டம் நடக்கும். ஆனந்தராசாவின் மனைவி இராசமலர் தேநீர்த் தட்டோடு உள்ளே போவாள், வெறும் தட்டோடு வெளியே வருவாள். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கும் அந்தச் சங்கத்துக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், பயிற்சிக்கு விண்ணப்பித்த கிளிவெட்டிப் பிள்ளை ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழை வாங்கி வருவதற்காக ஆனந்தராசா மூதூருக்குப் போகும் லாஞ்ச் படகில் ஏறினார். அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகு சண்டை மூண்டது. கிளிவெட்டி வரைக்கும் அவர் போனது தெரியும். அந்தப் பிள்ளையின் வீட்டில் மோர் குடித்ததும் தெரியும். திரும்பி வந்தது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இராசமலர் காவல் நிலையத்துக்குப் போனாள், முகாம்களுக்குப் போனாள், செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் மூன்று தரம் ஒரே விபரத்தைச் சொன்னாள். வயது ஐம்பத்து மூன்று, நீலக் கோடு போட்ட சேட்டு, இடது காதுக்குக் கீழே மச்சம். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அக்கம்பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. ஒன்று இந்தியாவுக்கு, ஒன்று கொழும்புக்கு, ஒன்று எங்கே என்றே தெரியாது. காலையில் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து வேலியோரம் மேயும். அவை போனபிறகு, மாலையில் வானொலியைத் திருப்பும் வரைக்கும் அவளுக்கு மனிதக் குரல் என்று ஒன்று கேட்காது.

புரட்டாதியில் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். சோதனைச்சாவடியில் உறையைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து வர ஏழு வாரம் எடுத்திருந்தது. மேலே 'செயலாளர் ஆனந்தராசா ஐயா அவர்களுக்கு' என்று இருந்தது.

எழுதியவள் பூரணி. ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. அந்த வருடம்தான் பயிற்சியில் சேர்ந்தவள். காயப்பட்ட ஒருவனைத் துடைத்துவிடச் சொன்னார்களாம். அவனைத் தொட முடியாமல் விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாளாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். இது தனக்குச் சரிவராது, ஊரில் அப்பா அம்மா எங்கே ஓடினார்கள் என்றும் தெரியாது, நிதியத்திலிருந்து விலகுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஐயா அறியத் தரவேண்டும், என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தை இராசமலர் அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் வந்து பார்க்கட்டும் என்று மூன்று நாள் அது அங்கே கிடந்தது. ஆனந்தராசா எந்தக் கடிதத்தையும் மறுநாளைக்கு வைப்பவரல்ல என்பது அவளுக்குத் தெரியும். நாலாம் நாள் அவருடைய கதிரையில் அவளே உட்கார்ந்தாள். அலுமாரியிலிருந்து பழைய கடிதங்களின் கார்பன் பிரதிகளை எடுத்து, அவர் எப்படித் தொடங்குவார், எப்படி முடிப்பார் என்று பார்த்தாள். பத்திக்குப் பத்தி 'நிற்க' என்று போடுவது அவர் வழக்கம். அவளும் போட்டாள்.

'விலக விரும்பும் மாணவி திருகோணமலைக்கு நேரில் வந்து, இரண்டு சகோதரர்கள் முன்னிலையில் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது நிதியத்தின் விதி. இப்போது பாதை மூடியிருக்கிறது. ஆகவே பாதை திறக்கும் வரை படித்துக்கொண்டிருக்கவும். நிற்க. காயப்பட்டவர்களைத் துடைப்பது பற்றி எழுதியிருந்தாய். எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து கிடந்தபோது என்னைப் பார்த்தவள் என் மனைவி. அவள் சொல்வாள்: முதலில் முகத்தைத் துடைக்க வேண்டும். முகத்தைத் துடைத்துவிட்டால் அந்த ஆள் அந்நியனில்லை, மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.'

அப்படி ஒரு விதி புத்தகத்தில் இல்லை. ஆனந்தராசா கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒருநாளும் எழுதியவருமில்லை. முகத்தைத் துடைப்பது பற்றி மனைவி சொன்னது மட்டும் உண்மை. கீழே 'செயலாளருக்காக' என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, பெயர் போடாமல் விட்டாள்.

பதில் வந்தது. பூரணி விலகவில்லை. முகத்தை முதலில் துடைத்துப் பார்த்தாளாம், ஓடவில்லையாம். வேறு பிள்ளைகளும் எழுதினார்கள். ஐந்து பேர் மூன்று ஊர்களில் படித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் ஐயாவுக்குத்தான் எழுதினார்கள். இராசமலர் எல்லாருக்கும் பதில் போட்டாள். காலையில் வீடு கூட்டி, ஒரு ஆளுக்கு அளவாகச் சோறு வைத்துவிட்டு மேசைக்குப் போனால், பின்னேரம் வரை அவளுக்கு ஒரு வேலை இருந்தது. எந்தக் கடிதத்தில் 'செயலாளருக்காக' என்பது 'செயலாளர்' ஆனது என்று அவளுக்கே ஞாபகமில்லை. கடைசி எழுத்துக்களை விட்டால் கோடு இழுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் என்று முதலில் நினைத்தாள். பிறகு கீழே ஆனந்தராசா என்று போட்டபோது, அவர் பக்கத்து அறையில் படுத்திருப்பது போல ஒரு ஆறுதல் வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்தால் ஓய்வூதியம் சுலபம் என்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதை அவள் எடுக்கவில்லை.

பதினேழு சகோதரர்களில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள். ஆதம்பாவாவைத் தவிர மிச்சப்பேர் கனடா, இலண்டன், திருச்சி, கொழும்பு என்று போய்ச் சேர்ந்தார்கள். சோமசேகரமும் கொழும்பில் மகளோடு. வங்கி அலுவல்களை அவரும் ஆதம்பாவாவும் கவனித்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் விபரத்தைச் சகோதரர்களுக்கும் இராசமலர் அதே பெயரில் எழுதி அனுப்பினாள். துறையடியில் பாதை என்கிற மிதவைப் படகு ஓடுகிற நாட்களில், மாதம் ஒருதரம் ஆதம்பாவா கிண்ணியாவிலிருந்து வருவார். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அனுப்ப வேண்டிய கடிதங்களை இராசமலர் அவர் முன்னால் வைப்பாள். அடியில் இருக்கும் பெயரை அவர் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "தங்கச்சி, தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார். அவருக்கும் மனைவி இல்லை. இரண்டு தனியாட்கள் ஒரு மணி நேரம் எதிரெதிரே இருந்து தேநீர் குடிப்பதால் தனிமை குறைந்துவிடுவதில்லை என்பதை அவள் அந்த நாட்களில்தான் அறிந்தாள்.

தொண்ணூற்றொன்று மாசியில் பூரணி ஒரு சிறிய கடிதம் எழுதினாள். வெருகல் காட்டுக்குள் ஒளித்திருந்தபோது அவளுடைய தகப்பனுக்கு மலேரியா கண்டிருக்கிறது. மருந்து இல்லை. ஐந்து நாளில் முடிந்துவிட்டது. அவளுக்குச் செய்தி போனது இரண்டு மாதம் கழித்து. 'நான் இங்கே ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தேன், ஐயா' என்று இருந்தது. வேறொன்றுமில்லை.

இராசமலர் அன்று சோறு வைக்கவில்லை. நாலு தாள் எழுதிக் கிழித்தாள். ஐந்தாவது தாளில், 'இனி என்னை உன் தகப்பன் போல நினைத்துக்கொள்' என்று எழுதினாள். எழுதியபோது அதில் பிழை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனந்தராசா இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று நம்பினாள். அவருக்கு ஒரு மகள் இருந்திருக்கலாம் என்றும் நினைத்தாள். அன்றிலிருந்து பூரணியின் கடிதங்கள் நீண்டன. ஐயா சாப்பிட்டாரா, ஐயாவின் முழங்கால் நோ எப்படி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று வந்தன. முழங்கால் நோ இராசமலருடையது.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை நின்றது. சமாதானப் பேச்சு என்றார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்றிரண்டு திறந்தன. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிபோல, வெள்ளைப் பூப்போட்ட சேலை கட்டிய ஒரு பெண் வாசல் படலையடியில் வந்து நின்றாள். இடது கையில் விநாடி முள் கடிகாரம். தோளில் துணிப்பை.

"ஐயா இருக்கிறாரோ?"

ஆர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் இராசமலர் கேட்டாள்.

"நான் பூரணி, அம்மா. மாற்றம் கிடைச்சு இப்ப மூதூர் ஆசுபத்திரியில இருக்கிறன். கடிதம் போட்டனான். எனக்கு முந்தி அது வந்து சேராது போல."

"அவர் வெளியில போயிட்டார்" என்றாள் இராசமலர். வாயில் அதுதான் வந்தது.

மூன்று மணி லாஞ்சுக்குத்தான் போகவேண்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று பூரணி சொன்னாள். இராசமலர் குசினிக்குள் போய்த் தேநீர் போட்டாள். சோறும் வைத்தாள், இரண்டு பேருக்கு என்று வைத்துப் பழக்கம் போனதால் தண்ணீர் கூடிக் குழைந்துவிட்டது. பூரணி பின்னாலேயே வந்து, கேட்காமலே அவள் கையிலிருந்து மீனை வாங்கி வெட்டினாள். பயிற்சிக்கால விடுதிக் கதைகள் சொன்னாள். ஐந்து வருடத்தில் அந்தக் குசினியில் இவ்வளவு கதை நடக்கவில்லை. இராசமலர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளை மூன்று மணிக்குப் போய்விடும், ஐயா வர இன்னும் நேரமாகும் என்று சொல்லி அனுப்பிவிடலாம், என்று ஒரு நினைவு வந்தது. அடுத்த சனிக்கிழமையும் வருவாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். அந்த நினைவு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது.

சாப்பிட்ட பிறகு பூரணி பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தாள். தாளில் சுற்றியிருந்தது. தொண்ணூற்றுமூன்றில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தாளாம்.

"உங்களைப் பற்றி ஐயா எழுதாத கடிதமில்லை, அம்மா. முகத்தை முதல் துடைக்கச் சொன்னது நீங்கள்தானே."

இராசமலர் வேட்டியைத் தொடவில்லை.

"பிள்ளை, இதை நான் வாங்க ஏலாது. அவர் வரமாட்டார். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில கிளிவெட்டிக்குப் போனவர். பிறகு வரேல்லை."

பூரணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். உள்ளுக்குள் மாதங்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"எனக்கு முதல் பதில் வந்தது மார்கழியில."

"ஓம்."

"அப்ப எல்லாம்?"

"நான்தான் எழுதினனான்."

"விலகிறதுக்கு நேரில வரவேணும் எண்ட விதி?"

"அப்பிடியொரு விதி இல்லை."

பூரணியின் வாயோரத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது. இராசமலருக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்று வேறொன்றாக மாறியது.

"அப்பா செத்தபிறகு வந்தது?"

"அதுவும்."

"நான் நினைச்சனான்" என்றாள் பூரணி. குரல் உயரவில்லை. "தகப்பன் போல நினைக்கச் சொன்னதை நான் அப்பிடியே நினைச்சனான். விடுதியில எல்லாருக்கும் சொன்னனான், எனக்குத் திருகோணமலையில ஒரு அப்பா இருக்கிறார் எண்டு. இப்ப அவரும் இல்லை. நான் வாறதுக்கு முதலே இல்லை."

இராசமலர் ஒரு பிள்ளைக்குத் தகப்பனைக் கொடுப்பதாக எண்ணியிருந்தாள். அந்தத் தகப்பனை ஒருநாள் திருப்பி எடுக்க வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"உங்கட பேரில எழுதியிருக்கலாம்" என்றாள் பூரணி.

வேட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு வெளியே எடுத்துக் கதிரையில் வைத்தாள். மூன்று மணி லாஞ்சுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை முழுக்க இராசமலர் மேசைப்பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் போய் உட்கார்ந்து, வெளியில் இருக்கும் சகோதரர்கள் ஒன்பது பேருக்கும் ஒரே கடிதத்தை ஒன்பது தரம் எழுதினாள். செயலாளர் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து வீட்டில் இல்லை, இதுவரை வந்த கடிதங்களை எழுதியவள் நான், செய்தது பிழையென்றால் மன்னிக்க வேண்டும். கீழே இராசமலர் ஆனந்தராசா என்று கையொப்பம் வைத்தாள். தன் பெயரை எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் எழுத்துக்கள் கோணலாக விழுந்தன.

சோமசேகரத்தின் பதில்தான் முதலில் வந்தது. எல்லாருக்கும் தெரியும், என்று எழுதியிருந்தார். இத்தனை வருடம் பார்த்த ஆனந்தராசாவின் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? நீங்கள் எழுதியது எல்லாம் நல்லதாகவே இருந்தது, ஆகவே பேசாமல் இருந்தோம். அவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். அவள் அதை இரண்டாம் முறை வாசித்தபோது, ஒன்பது பேருக்குத் தெரிந்தும் ஐந்து வருடமாக ஒருவராவது இராசமலர், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதவில்லையே என்பதுதான் மனதில் நின்றது.

இனி அவளே செயலாளராக இருக்கட்டும், விதியை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சோமசேகரம் எழுதியிருந்தார். ஆனால் கூட்டக் குறிப்பில் பழைய செயலாளரின் இடம் வெறுமையானதற்குக் காரணம் எழுதவேண்டும். காலமானார் அல்லது விலகினார். அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டில் எதையும் எழுத அவளால் முடியவில்லை. அப்படியானால் தனக்குப் பதவி வேண்டாம் என்று ஆதம்பாவாவிடம் சொன்னாள்.

ஆதம்பாவா குடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"வரவில்லை எண்டு எழுதுங்க, தங்கச்சி" என்றார். "கூட்டத்துக்கு வராத ஆளுக்கு நாங்க அப்பிடித்தானே எழுதுற. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதுங்க. அதில பொய் இல்லை."

அவள் எழுதினாள். 'சகோதரர் ஆனந்தராசா: வரவில்லை.' பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஆதம்பாவா எழும்பிப் போகாமல், வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கிண்ணியாவுக்குப் போகும் கடைசிப் பாதையைத்தான் பிடித்தார்.

சித்திரையில் துறைமுகத்துக்குள் கடற்படைப் படகுகள் வெடித்தன. சமாதானம் அத்தோடு முடிந்தது. திறந்த வீடுகள் மறுபடி பூட்டின. மூதூர் லாஞ்ச் ஓடினால் ஓடியது, இல்லாவிட்டால் இல்லை. பூரணியிடமிருந்து கடிதம் வரவில்லை. தன் பெயரில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, மன்னிப்புக் கேட்டு, இராசமலர் அனுப்பியிருந்தாள். அதில் 'நிற்க' என்ற சொல் இருக்கவில்லை.

ஆனி மாதம் புதிய பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் நாள் வந்தது. ஐந்து பேர் விண்ணப்பித்திருந்தார்கள். பாதைகள் கிடந்த கிடையில் வந்து சேர்ந்தது ஒருத்தி மட்டும், இறக்கக்கண்டியிலிருந்து கமலேஸ்வரி. இராசமலரும் ஆதம்பாவாவும் கேள்விகளைத் தொடங்கப்போன நேரம் பூரணி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவளை வரச்சொன்னவர் ஆதம்பாவா. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க மூதூருக்குப் போன இடத்தில், நிதியத்தில் படித்தவர்களும் தெரிவுக்கு இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியும் ஒரு விதி புத்தகத்தில் இல்லை.

பூரணி இராசமலரை நேராகப் பார்க்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கமலேஸ்வரியிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"காயத்தைக் கண்டா ஓடிப்போவியோ?"

"தெரியாது, அக்கா."

"சரி. ஓடமாட்டன் எண்டு சொல்லியிருந்தா நான் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்."

பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் தகப்பனோடு போனபிறகு ஆதம்பாவாவும் போனார். பூரணி தேநீர்க் கோப்பைகளை எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, இராசமலரின் சேலைக் கரையை விலக்கி, கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா இப்பிடி வீங்கியிருக்கு?"

இராசமலர் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது வீங்கியிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மூச்சு வாங்குதோ? படியேறேக்க?"

"கொஞ்சம்."

பூரணி நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுவதும் கையை விடவில்லை. "புதன்கிழமை இஞ்ச பெரியாசுபத்திரியில கிளினிக். கட்டாயம் போகவேணும். லாஞ்ச் ஓடினா நானும் வாறன்" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. வேறு எப்படியும் அழைக்கவுமில்லை.

புதன்கிழமை லாஞ்ச் ஓடவில்லை. இராசமலர் தனியாகப் போனாள். நாற்பத்திரண்டாம் நம்பர் துண்டு கிடைத்தது. துண்டில் பெயரைப் பதிந்த தாதி, பெயரை இன்னொருதரம் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மூதூரிலிருந்து காலையில் பூரணி தொலைபேசி எடுத்தாள், உங்களை முதலில் டொக்டரிடம் காட்டச் சொன்னாள், உள்ளே வாருங்கள் என்றாள்.

வேண்டாம், வரிசையிலேயே இருக்கிறேன் என்று இராசமலர் சொன்னாள். அவளுக்கு வீட்டில் அவசரமாக ஒன்றும் இருக்கவில்லை. அவள் உட்கார்ந்த மர வாங்கில் ஒரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் மற்றப்பக்கம் நித்திரை தூங்கும் ஒரு கிழவரும் இருந்தார்கள். அவர் தலை அவள் தோளில் மெல்லச் சரிந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.